பால்மரம் எந்த நாட்டுச் சொத்து?

செமினி, காஜாங் வட்டாரத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஆனால், அந்த மரமும் அதைப் பற்றிய அறிவும் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை நாடுகளுக்கிடையே நெடுங்காலம் நடந்ததைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

1876-ஆம் ஆண்டு ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு போனார். முளைத்தவை ஏறக்குறைய 2,700. மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிரேசிலில் இதை இன்றும் திருட்டு என்பார்கள். ஆனால், விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அன்று அங்கே இல்லை.

விதை மட்டும் போதுமா? மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தவர் சிங்கப்பூர் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. அதை மலாயாத் தோட்டங்களில் நாள்தோறும் செய்து காட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். 1910களில் பிரேசிலின் ரப்பர் வாணிகம் சரிந்து விழுந்தது.

பிறகு மலாயாவுக்கும் சோதனை வந்தது. ஜெர்மனியின் ஐ.ஜி. பார்பன் நிறுவனம் 'பூனா' என்ற செயற்கை ரப்பரை உருவாக்கியிருந்தது. அதன் அமெரிக்கக் காப்புரிமை ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1942 தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்றது. அரசாங்கம் தலையிட்டது; நிறுவனங்கள் காப்புரிமைகளைப் பகிர்ந்து கொண்டன. 1941-இல் 10,000 டன்னைக்கூட எட்டாத அமெரிக்கச் செயற்கை ரப்பர் உற்பத்தி, 1945-இல் 7 லட்சம் டன்னைத் தாண்டியது. போருக்குப் பின் ரப்பர் விலை இறங்கிய போதெல்லாம் அடி விழுந்தது தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில்தான்.

இந்தப் போட்டியைச் சமாளிக்க, 1925-இல் அமைந்த ரப்பர் ஆய்வுக் கழகம் அதிகப் பால் தரும் ரகங்களை வளர்த்தது. அவற்றுள் புகழ்பெற்றது ஆர்.ஆர்.ஐ.எம். 600. அதன் பெற்றோரில் ஒன்று ஜாவாவைச் சேர்ந்த ரகம். மற்றொன்றான பி.பி. 86, செமினிக்கு அருகே பிராங் புசார் தோட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டது. இன்று புத்ராஜெயா நிற்கும் இடம் அதுதான்.

இந்த ரகம் தாய்லாந்து முழுவதும் பரவியது. 1990களின் தொடக்கத்தில் அந்நாடு மலேசியாவை முந்தி உற்பத்தியில் முதலிடம் பிடித்தது. புதிய பயிர் ரகங்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் மலேசியாவில் 2004-இல்தான் நிறைவேறியது. விக்ஹாம் கொண்டு வந்த விதையால் வளம் பெற்ற நாடு, தான் வளர்த்த ரகத்தால் இன்னொரு நாடு முந்துவதைப் பார்த்தது.

விக்ஹாம், ரிட்லி பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. காப்புரிமைகளில் நிறுவனங்களின் பெயர்கள் இருக்கின்றன. மரத்தைக் காயப்படுத்தாமல் மெல்லிசாகப் பட்டை சீவிய கைகளின் பெயர்களை யாரும் பதிவு செய்யவில்லை. அந்தத் தொழிலை அறிந்த தாத்தா பாட்டிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது பேரப் பிள்ளைகளின் கடமை.