நாகமரத்தின் பெயர்ப்பலகை

எமது பாடசாலை முற்றத்து நாகமரத்தில் "மெசுவா ஃபெரியா, குடும்பம்: குளூசியேசியே" என்றொரு பலகை தொங்குகிறது. "சேர், குடும்பம் பிழை" என்றாள் ஒரு மாணவி. "புத்தகத்தில் அப்படித்தான்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டோம். பிறகுதான் தேடிப் படித்தோம்.

1672 இல் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இலங்கை வந்த போல் ஹேர்மன் இங்குள்ள செடிகளை உலர்த்திச் சேர்த்தார். சிங்களப் பெயர்களையும் குறித்துக்கொண்டார். சொல்லிக் கொடுத்தவர்கள் இந்நாட்டு மக்கள். அவர் 1695 இல் இறந்து ஏறக்குறைய ஐம்பது வருடங்களின் பின் அச்சேகரிப்பு சுவீடனில் லின்னேயஸின் கைக்குக் கிடைத்தது. இலங்கை மண்ணை மிதிக்காமலேயே அவர் 1747 இல் 'ஃப்ளோரா ஸெய்லானிகா'வை வெளியிட்டார். 1753 இல் தாவரங்களுக்கு இருசொற் பெயரிட்டபோது நாகமரம் மெசுவா ஃபெரியா ஆனது.

ஃபெரியா என்றால் இரும்பு. மெசுவா யார்? ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் அப்பாஸிய கலீபாக்களின் வைத்தியராக இருந்த யூஹன்னா இப்னு மாஸவைஹ். ஐரோப்பியர் வாயில் அவர் 'மெசுவே'. உடனே "முஸ்லிம் விஞ்ஞானி" என்று பகிர அவசரப்பட வேண்டாம், அவர் கிறிஸ்தவர். திறமையுள்ளவரை மதம் பாராமல் மதித்த அவை அது. பெருமைப்பட அதுவே போதும்.

லின்னேயஸ் பூவின் கேசரங்களை எண்ணியே தாவரங்களை வகுப்புகளாகப் பிரித்தார். செடியை இனங்காண அது இலகு, ஆனால் உறவைக் காட்டாது. பொது மூதாதையிலிருந்து கிளைத்த வழியே பாகுபாட்டின் அடிப்படை என்று 1859 இல் டார்வின் எழுதினார். எனினும் நீண்ட காலம் தோற்றத்தை வைத்தே உறவு கணிக்கப்பட்டது. அதனால் நாகமரமும் புன்னையும் மீன் கறிக்குப் போடும் கொறக்காவும் ஒரே குடும்பமாக இருந்தன.

டீ.என்.ஏ. ஒப்பீடு வேறு கதை சொன்னது. நீரோடைப் பாறைகளில் பாசிபோல் ஒட்டி வளரும் பொடோஸ்டெமேசியே செடிகள், கொறக்காவை விட நாகமரத்துக்கு நெருங்கிய உறவாம்! ஆகவே 2009 இல் வெளியான ஏ.பி.ஜி. பாகுபாடு நாகமரத்தையும் புன்னையையும் கலோபில்லேசியே என்ற தனிக் குடும்பத்தில் வைத்தது. கொறக்கா பழைய வீட்டிலேயே நின்றுவிட்டது.

மரம் மாறவில்லை, பெயரும் மாறவில்லை. அதன் சொந்தக்காரர் யார் என்ற எமது அறிவுதான் திருந்தியது. பாகுபாடு என்பது மனனம் செய்து முடிக்கும் பட்டியல் அல்ல. புதிய சான்று வரும்போது திருத்தி எழுதும் கணக்கு. இதை வகுப்பில் சொல்லும் நாமே, ஒரு பிள்ளை திருத்தியபோது புத்தகத்தின் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

இன்ஷா அல்லாஹ், விடுமுறை முடிந்ததும் பலகையை மாற்றுவோம். எழுதப் போவது அந்த மாணவிதான்.