ஹைட் பார்க்கில் ஓர் விசுவாச மேடை

இறைமக்களாகிய நாம் ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கப் பழகிவிட்டோம். ஆனால் நம் விசுவாசத்தைப் பற்றிக் கடைவீதியில் நின்று பத்து நிமிடம் பேசுங்கள் என்றால், நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? இந்தக் கூச்சத்தைப் போக்கப் பாடுபட்ட இயக்கம் ஒன்று இலண்டன் மாநகரில் தோன்றியது. கத்தோலிக்கச் சான்றுச் சபை என்று அதனைச் சொல்லலாம்.

1918-ம் ஆண்டு வெர்னன் ரெட்வுட் என்ற பொதுநிலையினர் இதைத் தொடங்கினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் போர்ன் ஆண்டகை இசைவளித்தார். ஹைட் பார்க் பூங்காவின் ஒரு மூலையில் எவரும் மேடை போட்டுப் பேசலாம். கடவுள் இல்லை என்பாரும், போப்பாண்டவரைத் தூற்றுவாரும் அங்கே குரலெழுப்புவர். அவர்கள் நடுவே நம்மவரும் மேடையேறினர்.

பக்தியும் உற்சாகமும் மட்டும் இருந்தால் போதுமா? போதாது. கூட்டத்தினர் கேட்கும் கேள்விகள் அப்படிப்பட்டவை! ஆகவே சபையார் வகுப்புகள் நடத்தினர். ஒருவர் முதலில் ஒரே ஒரு பொருளை நன்கு படிக்க வேண்டும். பிறகு தேர்வு. தேர்வாளர்களே பூங்காக் கூட்டத்தினரைப்போல் குறுக்கிட்டுக் கேள்வி கேட்டு மடக்குவார்கள். தேறியவருக்கு அந்தப் பொருளைப் பற்றி மட்டும் பேச அனுமதி. மற்றொன்றைப் பேச மறுபடியும் தேர்வு! பரீட்சை என்றால் நம் பிள்ளைகள் மட்டுமா அஞ்சுகிறார்கள்? நற்கருணை நாதர்முன் செபமும் இப்பயிற்சியின் ஒரு பகுதியாயிருந்தது. எதிராளியைத் தோற்கடித்துக் கைதட்டல் வாங்குவது அவர்கள் நோக்கமன்று. கேட்பவர் மனத்தில் உண்மை பதிய வேண்டும், அவ்வளவே.

மேடையேறியவர்களில் பெண்களும் இருந்தனர் என்பதே நமக்குப் பெருவியப்பு. திருப்பலியில் பெண்கள் வாசகம் வாசிக்க அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்ததே! மெய்சி வார்டு அம்மையார் அவர்களுள் முதன்மையானவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து சட்டம் பயின்ற பிராங்க் ஷீட் என்பவரை இச்சபையில்தான் அவர் சந்தித்தார். சபையின் பயிற்சிக் குறிப்புகளை இருவரும் 1925-ல் நூலாக்கினர். அடுத்த ஆண்டு மணமுடித்து, அதே ஆண்டில் தங்கள் பெயராலேயே புத்தக வெளியீட்டகமும் கண்டனர். குடும்பம், வெளியீட்டகம் என்று பொறுப்புகள் பெருகியபோதும் தெருமுனை மேடையை அவர்கள் விட்டுவிடவில்லை.

பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய ஏட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்டது 1965-ல். அதற்குள் ஹைட் பார்க் மேடை 47 ஆண்டுகளைக் கடந்திருந்தது.