கோழைக்கு ஒரு நீலக் குப்பி

மூக்குச் சளி வேறு. நெஞ்சிலிருந்து இருமித் துப்பும் கோழை வேறு. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை அறிவித்த பிறகு, கண்ட இடத்தில் துப்புவது ஊருக்கே ஆபத்து என்ற அச்சம் பரவியது.

1889-இல் ஜெர்மானிய மருத்துவர் பீட்டர் டெட்வைலர், கோழையைத் துப்பி மூடிவைக்கச் சட்டைப்பையில் அடங்கும் நீலக் கண்ணாடிக் குப்பியை அறிமுகப்படுத்தினார். அதற்கு ‘நீல ஹென்றி’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது! தாமஸ் மன்னின் ‘மாய மலை’ நாவலிலும் அது தலைகாட்டுகிறது. 1896-இல் நியூயார்க் நகரம் பொது இடங்களில் துப்பத் தடை விதித்தது.

கோழையின் இந்தக் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1956-இல் இங்கு தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளின் கோழையைத் தொடர்ந்து சோதித்து, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959-இல் நிறுவியது.

இருமல் இரண்டு வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனையில் கோழைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை.