தேவாலயத்தில் கூடிய கோர்ட்

கிளீவ்லாந்து என்றதும் நம்மில் பலருக்கு தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். 1978 முதல் அங்கே நடந்து வருகிறது. நான் இப்போது எழுதுவது அதே ஊரில் கூடிய வேறொரு கூட்டத்தைப் பற்றி. போலீஸ் தேடிக்கொண்டிருந்தவர்கள் தாங்களாகவே வந்து வரிசையில் நின்ற கூட்டம் அது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் என்பதால் 'வாரண்ட்' என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் படிக்காமல் விடமாட்டேன். வாய்தாவுக்கு ஆஜராகாதவர் மேல் பிடிவாரண்ட் போடுவார்கள். அது ஸ்டேஷனுக்குப் போகும், ஆள் ஊரில் இல்லை என்று திரும்பி வரும், மறுபடியும் போகும். கட்டு மட்டும் பெருத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்காவிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சாலையில் ஒரு காரை நிறுத்தும் போலீஸ்காரர் ஓட்டுநரின் பெயரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பார். பழைய வாரண்ட் பதிவில் இருந்தால் அந்த இடத்திலேயே கைது. அதனால் சின்ன அபராதம் கட்டாமல் விட்டவர்கூட சைரன் சத்தம் கேட்டாலே நடுங்குவார். நடுங்குகிறவர் ஓடுவார். சிலர் துப்பாக்கியையும் எடுப்பார்கள்.

2000 ஜூனில் அப்படித்தான் ஆயிற்று. கிளீவ்லாந்து காவலர் வெய்ன் லியோன் போக்குவரத்து விதிமீறலுக்காக ஒருவரை நிறுத்தினார். அந்த ஆள் பரோல் விதிகளை மீறியதாக ஏற்கெனவே தேடப்பட்டு வந்தவர். லியோனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்.

அந்தப் பகுதியின் யு.எஸ். மார்ஷல் பீட்டர் எலியட். மார்ஷல் என்றால் மத்திய அரசின் அதிகாரி. தலைமறைவானவர்களைப் பிடிப்பது அவர் துறையின் முக்கிய வேலை. லியோனின் மரணம் எலியட்டை யோசிக்க வைத்தது. இப்படிப் பயந்து திரிகிறவர்கள் சரணடைய ஒரு பாதுகாப்பான இடம் இருந்தால் என்ன? போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். எனவே மவுண்ட் சைனாய் பாப்டிஸ்ட் தேவாலயத்தை நாடினார். அதன் போதகர் சி. ஜே மேத்யூஸ் இடம் கொடுத்தார்.

2005 ஆகஸ்டில் நான்கு நாட்கள். நீதிபதி, அரசு வழக்கறிஞர், ஏழைகளுக்கு வாதாடும் வக்கீல், குமாஸ்தாக்கள் என்று கோர்ட்டே அங்கே வந்து இறங்கியது. (மேஜை நாற்காலி, ரிஜிஸ்டர்கள், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் யார் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. பழக்க தோஷம்.) பொதுமன்னிப்பு கிடையாது என்பதைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். தானாக வந்தவர் என்பதைக் கோர்ட் கருத்தில் கொள்ளும், அவ்வளவுதான் வாக்குறுதி. அதற்கே 800க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பெரும்பாலோரின் வழக்கு சில்லறை வழக்கு. அன்றே புது வாய்தா வாங்கிக்கொண்டோ வழக்கை முடித்துக்கொண்டோ வீட்டுக்குப் போனார்கள். கடுமையான குற்றச்சாட்டு இருந்த சிலரை மட்டும் உள்ளே வைத்தார்கள்.

இனி பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் போலீஸ் என்பது அந்தந்த நகரம், கவுண்டியின் பொறுப்பு. மத்திய அரசு அதற்குப் பெரிய அளவில் மானியம் தரத் தொடங்கியதே 1968ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். இன்று முக்கியமான மானியம் எட்வர்ட் பர்ன் என்ற காவலரின் பெயரில் இருக்கிறது. 1988இல் நியூயார்க்கில் ஒரு சாட்சியின் வீட்டுக்கு ரோந்துக் காரில் காவல் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 22. இந்த மாதிரி மானியங்களில் வண்டி, ரேடியோ, ஓவர்டைம் எல்லாம் வாங்கலாம். வாரண்டைக் கையில் வைத்துக்கொண்டு விடியற்காலையில் கதவைத் தட்டவும் அந்தப் பணம் உதவும்.

எலியட்டின் திட்டத்துக்கு 2006இல் நாடாளுமன்றம் தனியாகவே சட்டத்தில் இடம் கொடுத்தது. 2007க்கு 30 லட்சம் டாலர், 2008க்கு 50 லட்சம், 2009க்கு 80 லட்சம் வரை செலவிட அனுமதி. அனுமதிப்பது வேறு, ஒதுக்குவது வேறு என்பதை அரசு வேலை பார்த்த நம் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீனிக்ஸ், மெம்பிஸ், வாஷிங்டன் என்று பல ஊர்களில் நடத்தினார்கள். 2008இல் டெட்ராய்ட்டில் 6,500 பேருக்கு மேல் வந்தார்கள்.

ஒரு கேள்வி எழத்தான் செய்யும். லியோனைச் சுட்டவர் இப்படி ஒரு தேவாலயத்துக்கு வந்திருப்பாரா? என் அனுபவத்தில் வந்திருக்கமாட்டார் என்றே சொல்வேன். ஆனால் சில்லறை வழக்குகள் கட்டிலிருந்து இறங்கிவிட்டால், அப்படிப்பட்டவரைத் தேட ஸ்டேஷனில் ஆளும் நேரமும் மிஞ்சும். விடியற்காலைக் கதவுத் தட்டலுக்கான மானியமும் அப்போதுதான் உரிய ஆளிடம் போய்ச் சேரும்.

ஆனால் ஒருபக்கம் கட்டைக் குறைக்கப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு பக்கம் கட்டு வளர்ந்துகொண்டிருந்தது. மிசூரி மாநிலத்து ஃபெர்குசன் சிறிய நகரம். அப்போது அதன் மக்கள்தொகை சுமார் 21,000. 2014இல் அங்கே ஒரு கறுப்பின இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபின் மத்திய நீதித்துறை விசாரித்தது. 2014 டிசம்பர் நிலவரப்படி அந்த ஊர்க் கோர்ட்டின் வாரண்ட் 16,000 பேருக்கு மேல் நிலுவையில் இருந்ததாக அந்த அறிக்கை சொல்கிறது. வெளியூர்க்காரர்களும் அதில் சேர்த்தி. பெரும்பாலும் போக்குவரத்து அபராதம், வீட்டு முன் புல் வளர்ந்தது போன்ற சங்கதிகள். அபராதம் நகராட்சியின் வருமானம். கட்டாதவர் மேல் வாரண்ட், வாரண்டுக்கு மேல் இன்னொரு கட்டணம். ஒரு கோர்ட்டை இப்படி உண்டியலாக நடத்துவதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

2015 ஆகஸ்டில் புதிதாக வந்த நகராட்சி நீதிபதி டொனால்ட் மக்கலின் ஓர் உத்தரவு போட்டார். 2014 டிசம்பர் 31க்கு முன் பிறப்பித்த எல்லாக் கைது வாரண்டுகளும் ரத்து. அவர்களுக்குப் புதிய வாய்தா தேதி. கட்ட முடியாதவர் தவணையில் கட்டலாம், சமூகசேவை செய்து கழிக்கலாம். அதற்கு மானியம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கையெழுத்து போதுமானதாக இருந்தது.