இருமல் இல்லாத டிபி

போன வாரம் ஒரகடத்துல வேலை பார்க்குற ஒரு லிஸனர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. “டிபின்னா இருமல்தானே? கர்ப்பப்பையில எப்படி வரும்?” எனக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. எங்க அத்தைக்கு இருந்தது இதுதான். பதினோரு வருஷம் குழந்தை இல்லைன்னு கோயில் கோயிலா அலைஞ்சாங்க. ஒரு நாள்கூட இருமினதில்ல.

நானும் ப்ராஜெக்ட் வேலையா ஒரகடம் போவேன். எலெக்ட்ரிக் ட்ரெயின்ல தாம்பரம், அங்கிருந்து கம்பெனி பஸ். தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பேரு தாம்பரம் சானடோரியம். நமக்கு அது வெறும் ஸ்டாப். அந்தக் காசநோய் மருத்துவமனையை 1928-ல ஆரம்பிச்சவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலைப்பகுதியில சானடோரியம் நடத்தினவர். கணித மேதை ராமானுஜன் அங்க சிகிச்சைக்குப் போயிருக்கார். ராமானுஜனுக்கு டிபின்னு சொன்னாங்க. 1994-ல டி.ஏ.பி. யங் பழைய மருத்துவக் குறிப்புகளைப் படிச்சுட்டு, அது ஈரலைத் தாக்குற அமீபா நோயா இருந்திருக்கலாம்னு எழுதினார். இல்லாத டிபியைச் சொல்றது ஒரு பக்கம்னா, இருக்குற டிபியைக் கண்டுபிடிக்காம விடுறது இன்னொரு பக்கம்.

இத்தாலியில மோர்காக்னி 1744-லயே, இறந்துபோன ஒரு இளம்பெண்ணோட உடலை அறுத்துப் பார்த்து, கருப்பையிலும் கருக்குழாயிலும் இந்த நோய் இருந்ததைப் பதிவு பண்ணிட்டார். கிருமியை ராபர்ட் காஹ் கண்டுபிடிச்சது 1882-ல. பெரும்பாலும் கிருமி முதல்ல நுரையீரலுக்குத்தான் போகும். அங்கிருந்து ரத்தம் வழியா கருக்குழாய்க்கு வந்து வருஷக்கணக்குல சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும். அதுக்குள்ள நுரையீரல் ஆறியிருக்கலாம். எக்ஸ்ரே நார்மல், சளியில ஒண்ணும் இல்ல. லாக்ல எர்ரர் வரலைன்னா பக் இல்லைன்னு அர்த்தமா?

1956-ல சென்னையில ஒரு பெரிய ஆய்வு தொடங்குச்சு. சளியில கிருமி இருந்த 193 பேர்ல பாதிப் பேரை வீட்டுலயும் பாதிப் பேரை சானடோரியத்துலயும் வச்சு ஒரு வருஷம் மருந்து கொடுத்தாங்க. ரெண்டு பக்கமும் பலன் கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு 1959-ல முடிவு வந்துச்சு. சானடோரியங்களோட காலமே அதோட மாறுச்சு. அந்த ஆய்வு மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா 1962-ல வந்த தேசியத் திட்டமும் சளிப் பரிசோதனையைத்தான் மையமா வச்சுது. பரவுறதைத் தடுக்கணும்னா அதுதான் நியாயம். இடுப்புக்குள்ள இருக்குற டிபி இருமல்ல பரவாது. அதனால அது யார் கணக்குலயும் வரலைங்கிறது என் எண்ணம்.

கண்டுபிடிக்கிறதும் லேசு இல்ல. கருப்பையோட உள்சுவர் மாசாமாசம் உதிர்ந்துடும். நோயோட அடையாளம் உருவாக அந்தச் சில வாரம்தான். அதனால மாதவிடாய்க்குச் சற்று முன்னாடி திசு எடுக்கணும். அப்பவும் கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும். கல்ச்சர்ல வளர வாரக்கணக்காகும், வளராமலும் போகலாம். சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தா குழாய் மணிமாலை மாதிரி தெரியலாம். லாப்ராஸ்கோப்பி தேவைப்படலாம். பிசிஆர் வேகமா சொல்லும். ஆனா செத்த கிருமியோட டிஎன்ஏவையும் அது பிடிச்சுடும். அது ஒண்ணை மட்டும் நம்பி மருந்து ஆரம்பிக்கிறது சரியில்ல. டிபிக்கு ரத்தத்துல ஆன்ட்டிபாடி பார்க்குற டெஸ்ட்டை 2012-லயே அரசு தடை பண்ணிடுச்சு. யாராவது எழுதிக் கொடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க.

அத்தைக்கு நாற்பத்தொரு வயசுல தெரிஞ்சுது. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டாங்க, கிருமி போயிடுச்சு. தழும்பாகி ஒட்டிப்போன குழாய் திறக்கல.

வாய்ஸ் நோட் அனுப்பினவங்க, “டாக்டர் சொல்ற தேதியில ஷிஃப்ட் மாத்தித் தர மாட்டேங்குறாங்க”ன்னும் சொல்லியிருந்தாங்க. அந்தத் தேதி தவறினா இன்னும் ஒரு மாசம் காத்திருக்கணும். சூப்பர்வைசர்கிட்ட காரணம் சொல்லணும்னு இல்ல, டாக்டர் சீட்டு போதும்னு பதில் அனுப்பியிருக்கேன். இன்னும் ப்ளூ டிக் வரல.