பாம்பன் பாலத்தில் கிழக்கே போனவர்களும் மேற்கே திரும்பியவர்களும்

2025 ஏப்ரல் 6, ராமநவமி நாள். அன்றுதான் பிரதமர் புதிய பாம்பன் ரயில் பாலத்தைத் திறந்து வைத்தார். அதே மேடையில் ராமேஸ்வரம் – தாம்பரம் புதிய ரயிலுக்கும் கொடி காட்டினார். அந்த ரயில் நம் செங்கல்பட்டு வழியாகத்தான் வருகிறது. அன்று முழுவதும் தொலைக்காட்சியில் இரண்டு கதைகள் மாறி மாறி ஓடின. ஒன்று பொறியியல் சாதனை, இன்னொன்று ராமர் பாலம். இந்தப் பாலம் யாரைக் கடத்துவதற்காக அவ்வளவு பெருஞ்செலவில் கடலுக்குள் கட்டப்பட்டது என்ற மூன்றாவது கதையை யாரும் தொடவில்லை. அது நம் ஆட்களின் கதை.

முதலில் பாலத்தைப் பற்றி. பழைய பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால் நடுவில் இருக்கும் இரண்டு இரும்பு இறக்கைகள் இருபக்கமும் சாய்ந்து வழிவிடும். சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஷெர்சர் என்ற பொறியாளரின் வடிவமைப்பு அது. அவர் 1893இலேயே இறந்துவிட்டார், பாம்பனைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் நூறு வருடத்துக்கும் மேலாக அந்தத் தூக்குப் பாலத்துக்கு அவர் பெயர்தான். நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள அந்த இறக்கைகளை ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கியது மோட்டார் அல்ல. ரயில்வேயின் கடைநிலைத் தொழிலாளர்கள் இருபக்கமும் நின்று கம்பியைத் தள்ளிச் சுற்றித்தான் பாலம் திறந்தது. அவர்களில் ஒருவரின் பெயரும் எந்தப் பகுதிக்கும் வைக்கப்படவில்லை.

உப்புக் காற்று இரும்பைத் தின்பதில் உலகத்திலேயே மோசமான இடங்களில் பாம்பனும் ஒன்று என்பார்கள். பழைய பாலம் அரித்துக்கொண்டே இருந்தது, பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2007இல் அகல ரயில் பாதையானது. 2013 ஜனவரியில் கடற்படையின் மிதவைக் கலம் ஒன்று வந்து மோதியது. கடைசியில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கும் மேலாக, தீவில் இருப்பவர்கள் ரயில் பிடிக்கப் பேருந்தில் ஏறி இக்கரைக்கு வர வேண்டியிருந்தது. புதிய பாலத்தில் நடுப்பகுதி 72.5 மீட்டர். அது சாயாமல் லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது, மின்சாரத்தில். இந்தியாவில் இந்த வகையில் முதல் ரயில் பாலம். திறப்பதற்கு முன், 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரே தரக்குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி அறிக்கை கொடுத்தார். தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்றார். விழா மேடையில் அந்த அறிக்கைக்கு இடமில்லை.

சரி, 1914க்கு வருவோம். ராமேஸ்வரத்துக்குப் போகும் பக்தர்களுக்காக வெள்ளைக்காரன் கடலுக்குள் 143 தூண் நட்டான் என்று நம்பச் சொல்கிறார்கள். பாலம் திறந்து ஒரே வாரத்தில், மார்ச் 1 அன்று, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. அந்தப் பக்கம் தலைமன்னார் வரை இலங்கை ரயில் பாதையும் அதே வருடம் வந்து சேர்ந்தது. எழும்பூரில் ஏறினால் கொழும்பு வரை ஒரே டிக்கெட். 'போட் மெயில்' என்று நம் தாத்தாக்கள் சொன்னது இதைத்தான். வியாபாரிகளும் அதிகாரிகளும் பக்தர்களும் போனார்கள், உண்மைதான். ஆனால் இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களுக்கு ஓயாமல் ஆள் வேண்டியிருந்தது. கடனையும் வட்டியையும் தாண்டி அந்த ஆட்களைக் கொண்டுபோக ஒரு பாதுகாப்பான பாதையும் வேண்டியிருந்தது.

பாலத்துக்கு முந்தைய பாதை எப்படி இருந்தது? பாம்பன் பக்கமிருந்து தோணியில் மன்னாருக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை கால்நடை. காலராவிலும் பசியிலும் அந்தப் பாதையில் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்கு இல்லை. ஆள் செத்தால் கங்காணிக்கு முன்பணம் நட்டம், துரைக்குத் தோட்ட வேலை நட்டம். ரயிலும் கப்பலும் அந்த நட்டத்தைக் குறைத்தன. இதனால் உயிர்கள் பிழைத்தன என்பதை மறுக்கத் தேவையில்லை. எதற்காகப் பிழைக்க வைத்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போனவர்கள் யார்? திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களின் பறையர், பள்ளர், அருந்ததியர்தான் அதில் பெரும்பகுதி. நம் செங்கல்பட்டுச் சேரிகளிலிருந்து போனவர்களில் பலர் சென்னைத் துறைமுகத்தில் நெட்டாலுக்கும் மொரீஷியசுக்கும் கப்பலேறியவர்கள். துறைமுகம் வேறு, காரணம் ஒன்று. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அரசுக்கு எழுதிய அறிக்கையை இந்தப் பக்கத்தை வாசிப்பவர்கள் அறிவார்கள், பஞ்சமி நிலப் போராட்டத்தின் அடிப்படை ஆவணம் அது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, உழைக்கும் ஆள் கடனுக்கு அடமானம் என்பதை ஓர் ஆங்கிலேய அதிகாரியே எழுதி வைத்திருக்கிறார். காலடி மண்ணும் சொந்தமில்லாதவனிடம் கங்காணி முன்பணத்தோடு வந்து நின்றால், அவன் எழுந்து போவதை 'விரும்பிப் புலம்பெயர்ந்தான்' என்று எழுதுவது சமூகவியல் ஆகாது.

கிழக்கே போகிறவர்கள் கடலைத் தாண்டும் முன் மண்டபத்தில் இறங்க வேண்டும். அங்கே இலங்கை அரசு நடத்திய முகாம் இருந்தது. இந்திய மண்ணில், இன்னொரு நாட்டு அரசின் முகாம்! உடம்பைச் சோதித்து, துணியை மருந்துப் புகையில் போட்டு, அம்மை குத்தி, சில நாட்கள் அடைத்து வைத்துப் பிறகு அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் மாட்டி ஆட்களை அனுப்பும் முறையும் அந்தக் காலத்தில் இருந்தது. மூட்டைக்கு லேபிள் ஒட்டுவது போல. முதல் வகுப்புப் பயணிகளுக்கு இந்த முகாம் வாசமே கிடையாது. கிருமியும் வகுப்பு பார்த்துத்தான் ஏறும் போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாலம் புனித யாத்திரைக்கானது என்கிறார்களே, நம்மவர்களுக்கு அந்தக் கோயில் எப்போது திறந்தது? மதுரை மீனாட்சி கோயிலில் தலித்துகள் நுழைந்தது 1939 ஜூலை 8. அதற்குப் பிறகுதான் ஆலயப் பிரவேசச் சட்டம். அதாவது பாலம் வந்து கால் நூற்றாண்டு வரை, ராமநாதசுவாமி கோபுரத்தைத் தூரத்தில் பார்த்துக்கொண்டே தோட்டத்துக்குப் போகலாம், உள்ளே போக முடியாது. கடலைத் தாண்ட மூன்றாம் வகுப்பு டிக்கெட் போதும், கோயில் வாசலைத் தாண்ட அது போதாது.

பிறகு 1964. அந்த வருடம் இரண்டு சம்பவங்கள் இரண்டு மாதத்துக்குள் நடந்தன. நாம் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறோம். டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயலில் பாம்பன் – தனுஷ்கோடி பாசஞ்சர் கடலுக்குள் போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாலத்தின் 126 கர்டர்களைக் கடல் இழுத்துக்கொண்டு போனது, ஷெர்சர் தூக்குப் பகுதி மட்டும் தாக்குப் பிடித்தது. இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். கடலில் விழுந்த கர்டர்களைத் தேடித் தூக்கி மறுபடி பொருத்தினார்கள். பெரிய வேலை, சந்தேகமில்லை. மெட்ரோ ஸ்ரீதரன் பேரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த 46 நாள் கதை வரும்.

இன்னொன்று அக்டோபர் 30, சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 1948 சட்டத்தில் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தேயிலை கிள்ளிய ஒருவரையும் கேட்கவில்லை. தனுஷ்கோடி துறை போய்விட்டதால் கப்பல் ராமேஸ்வரத்துக்கே வந்தது. 1960களின் கடைசியிலிருந்து 1984இல் கப்பல் நிற்கும் வரை, ட்ரங்குப் பெட்டியும் பாத்திர மூட்டையுமாக இறங்கியவர்களை அதே ரயில் ஏற்றி, அதே பாம்பன் பாலத்தில், இந்த முறை மேற்கே கொண்டு வந்தது. சாலைப் பாலம் 1988இல்தான் வந்தது, அதுவரை இரும்புப் பாதையை விட்டால் படகுதான். இறக்கிவிட்ட இடமும் அதே மண்டபம் முகாம். பாட்டனுக்கு அம்மை குத்தி அனுப்பிய இடத்தில் பேரனுக்குக் குடும்ப அட்டை போட்டார்கள். அங்கிருந்து சிலர் 1968இல் அரசு தொடங்கிய நீலகிரித் தேயிலைத் திட்டத்துக்குப் போனார்கள். பலருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. மூன்று தலைமுறைக்கு முன் விட்டுவந்த ஊரைத் தேடிப் போனவர்களை ஊர் மறக்கவில்லை. சாதியைச் சரியாக நினைவில் வைத்திருந்து சேரிப் பக்கம் கை காட்டியது.

1983க்குப் பிறகு அந்த முகாம் போருக்குத் தப்பி வந்த ஈழத் தமிழர்களின் அகதி முகாமானது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

பழைய பாலத்தைப் பிரித்து அகற்றுவது ரயில்வேயின் முடிவு. ஷெர்சர் பகுதியையாவது நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், நானும் கேட்கிறேன். ஆனால் அங்கே வைக்கும் பலகையில் பொறியாளர் பெயரும் டன் கணக்கும் மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளக் கூடாது. கழுத்தில் தகர வில்லையோடு அதைக் கடந்தவர்களும், கம்பியைத் தள்ளி அதைத் திறந்தவர்களும், 5,25,000 என்ற எண்ணும் அதில் இருக்க வேண்டும். இதைத் தெற்கு ரயில்வேக்கும் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும் எழுத்தில் கேட்போம். தாம்பரத்திலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ராமநாதபுரம் தாண்டிய பிறகு, பாலம் வரும் முன்பே ஜன்னல் பக்கம் வந்து உட்காருங்கள். வழியில் சின்னதாக ஒரு ஸ்டேஷன் வரும். அதன் பெயர் 'மண்டபம் கேம்ப்'.