சுரங்கத் திடலிலிருந்து தேசிய லீக் வரை

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் விளையாட்டின் வரலாற்றைச் சுரங்கத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத இயலாது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் தங்கவயலில் கால்பதித்த பின்னர், கார்ன்வால் பகுதியின் சுரங்கத் தொழிலர்களும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் தமிழ்க் குடும்பங்களும் இங்கு வந்து சேர்ந்தனர். ஆங்கிலேயர் கொண்டுவந்த கால்பந்து, 'லைன்' எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்களின் ஆட்டமாகவும் வேரூன்றியது.

சுரங்க ஊர்களில் ஆட்டத்தைத் தாங்கிய அமைப்பு வேலையைச் சார்ந்தது. வேலையே ஆணுக்கு அணியையும் திடலையும் திறந்துவிட்டது. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 46ஆம் பிரிவின்படி நிலத்தடிப் பணியில் பெண்களை அமர்த்துவதைத் தடை செய்திருந்ததால், அவ்வேலையோடு சேர்ந்து வந்த வாய்ப்புகளும் அவர்களுக்கு எட்டவில்லை. திடல் யாருக்கு உரியது என்னும் இக்கேள்வியே உலகெங்கும் மகளிர் கால்பந்தின் வரலாற்றை வடிவமைத்தது. 1921இல் இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது, வருமானம் இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்காகப் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. அதே ஆண்டு டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்புக் கழகங்கள் பெண்களுக்குத் திடல் தரலாகாது என்று தடை விதித்தது. அத்தடை நீங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்தியாவில் 1975இல் மகளிர் கால்பந்துக்கெனத் தனிக் கூட்டமைப்பு உருவானது. 1980இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் போட்டியிலும் 1983இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்திய அணி இரண்டாம் இடம் பெற்றது. பின்னர் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு பொறுப்பேற்று, 1991 முதல் மாநில அணிகளுக்கான தேசியப் போட்டியை நடத்தியது. எனினும், சில வாரங்களில் முடிந்துவிடும் அத்தகைய போட்டி வேறு, லீக் வேறு. கழகங்கள் ஒன்றையொன்று பருவம் முழுவதும் எதிர்கொண்டு, புள்ளிகளின் அடிப்படையில் வரிசை பெறும் ஏற்பாடே லீக் ஆகும். அது வீராங்கனைக்கு ஒப்பந்தத்தையும் ஊதியத்தையும் இடைவிடாத பயிற்சியையும் பெற்றுத்தர வல்லது.

இந்திய மகளிர் லீக் 2016 அக்டோபரில் கட்டக்கில் முதற்சுற்றோடு தொடங்கி, 2017 பிப்ரவரியில் டெல்லியில் இறுதியாட்டத்தை எட்டியது. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் முதல் கோப்பையை வென்றது. தொடக்கப் பருவங்களில் அணிகள் அனைத்தும் ஒரே நகரில் கூடிச் சில வாரங்கள் மட்டும் ஆடியதால், அது பெயரளவில் லீக்காகவும் நடைமுறையில் போட்டித்தொடராகவும் இருந்தது. அக்காலத்திலேயே, 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று வாகை சூடியது. அவ்வணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் பின்னர் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். ஆட்டத்தையும் அரசு வேலையையும் ஒருங்கே தாங்கிய அவரது வாழ்வு, சுரங்கம் ஒருகாலத்தில் ஆண்களுக்கு அளித்த ஆதரவு பெண்ணுக்கும் கைகூடக்கூடியதே என்பதைக் காட்டுகிறது.

2023 டிசம்பரில் தொடங்கிய பருவத்திலேயே ஏழு அணிகள் தத்தம் ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை நடப்புக்கு வந்து, லீக் என்னும் சொல் முழுப்பொருள் பெற்றது. அவ்வேழில் பெங்களூரின் கிக்ஸ்டார்ட் எஃப்சியும் ஒன்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபின், தங்கவயல் மக்கள் பிழைப்புக்காக நாள்தோறும் அங்குள்ள மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து ரயிலேறிச் செல்வது அந்நகருக்கே.

தாங்கி நின்ற நிறுவனம் சாய்ந்தால் அதனோடு சேர்ந்து வளர்ந்த பொதுவாழ்வும் தளரும் என்பதை ஆண்டர்சன்பேட்டை தன் அனுபவத்தால் அறியும். ஆகவே, தேசிய லீக்கின் ஆயுள் கோப்பைகளின் எண்ணிக்கையைவிட, ஊதியம் தவறாமல் கிடைப்பதிலும், ஊர்த்திடல்களில் சிறுமியருக்கு அன்றாடம் இடம் ஒதுக்கப்படுவதிலும்தான் அடங்கியுள்ளது.